எக் தீவுக்கு: முதலில் படகு, பிறகுதான் மற்றதெல்லாம்

ஸ்காட்லாந்தின் மேற்குக் கரையில் ஏதாவது ஒரு சின்னத் தீவில் மூன்று நான்கு நாள் தங்கிவிட்டு வர நினைக்கிறவர்கள் முதலில் அறையைத்தான் தேடுகிறார்கள். கல் வீடு, வாசலில் புல்வெளி, ஜன்னலைத் திறந்தால் கடல் என்று ஒரு படத்தைப் பார்த்ததும் மனசு கேட்பதில்லை, முன்பணம் கட்டியாகிவிடுகிறது. அதற்குப் பிறகு படகு அட்டவணையைத் திறந்தால் அறை ஒரு கிழமையில் தொடங்குகிறது, அன்றைக்குப் போகும் படகோ ரயில் வந்து சேர்வதற்கு முன்பே துறையை விட்டுக் கிளம்பிவிடுகிறது. பெரிய ஊர்களுக்குப் போகும்போது பழகிய வரிசை இங்கே உதவாது. முதலில் படகு, அந்தப் படகைப் பிடிக்கிற மாதிரி ரயில், அதற்கு அப்புறம்தான் அறை.

இதைச் சொல்ல எக் தீவு பொருத்தமான இடம். ஸ்கை தீவுக்குத் தெற்கே ரம், கன்னா, எக், மக் என்று நான்கு தீவுகள் கொத்தாகக் கிடக்கின்றன. 'ஸ்மால் ஐல்ஸ்' என்பது அவற்றின் கூட்டுப்பெயர். எக் வடக்கு தெற்காக ஏறத்தாழ 9 கிலோமீட்டர் நீளம், கிழக்கு மேற்காக 5 கிலோமீட்டர் அகலம். நூற்றுச் சொச்சம் பேர் வாழ்கிறார்கள். துறையிலிருந்து மறு கரைக்குப் போக ஒரே ஒரு சாலை. ஒரு கடை, ஒரு தொடக்கப்பள்ளி, துறையடியில் ஓர் உணவகம். மேல்நிலைப் படிப்புக்குப் பிள்ளைகள் கடல் தாண்டி மாலேக் ஊருக்குப் போய் விடுதியில் தங்கிப் படிக்கிறார்கள்.

இவ்வளவு சிறிய இடத்தைக் காலையில் வந்து மாலைக்குள் பார்த்துவிடலாமே என்றுதான் தோன்றும். கோடையில் நிறையப் பேர் அப்படித்தான் வந்து போகிறார்கள். கிடைக்கிற சில மணி நேரத்தில் அவர்கள் மலையேறலாம், அல்லது மேற்குக் கடற்கரைக்குப் போகலாம். இரண்டும் முடிவது அபூர்வம். அன்றைக்குப் பார்த்து மூடுபனி இறங்கிவிட்டால் ஒன்றும் இல்லை. எக் தீவுக்கு மூன்று இரவாவது கொடுக்க வேண்டும். ஒரு நாள் மழைக்கு, ஒரு நாள் மலைக்கு, ஒரு நாள் கடற்கரைக்கு என்று மனத்துக்குள் பிரித்து வைத்துக்கொண்டு, எந்த நாள் எதற்கு என்பதை வானத்திடம் விட்டுவிடுவதுதான் இங்கே நல்ல திட்டம்.

படகு விஷயத்துக்கு வருவோம். கால்மேக் என்று எல்லோரும் சொல்லும் கலிடோனியன் மேக்பிரெய்ன் நிறுவனத்தின் 'லாக்நெவிஸ்' கப்பல் மாலேக் துறையிலிருந்து புறப்படுகிறது. 2000-ஆம் ஆண்டு ஓடத் தொடங்கிய கப்பல். நேராக வந்தால் எக் ஒன்றேகால் மணி நேரம். ஆனால் நான்கு தீவுகளுக்கும் இது ஒன்றேதான். ஒவ்வொரு கிழமையும் ஒவ்வொரு வரிசையில் சுற்றிவரும், எல்லாத் தீவையும் எல்லா நாளும் தொடாது. முதலில் மக் தீவுக்குப் போய்விட்டு எக் வரும் நாளும் உண்டு. கோடை அட்டவணையும் குளிர்கால அட்டவணையும் வேறு வேறு. ஆகவே 'வியாழன் போய் ஞாயிறு திரும்பலாம்' என்று வீட்டில் உட்கார்ந்து முடிவு செய்ய முடியாது. அந்த ஆண்டின் அட்டவணையைக் கையில் வைத்துக்கொண்டு, போகிற கிழமை, திரும்புகிற கிழமை இரண்டையும் அதிலிருந்து எடுக்க வேண்டும்.

இன்னொரு வழியும் இருக்கிறது. மாலேக்குக்குத் தெற்கே அரிசேக் என்ற சிற்றூரிலிருந்து 'ஷியர்வாட்டர்' என்ற சிறிய பயணிகள் படகு கோடை மாதங்களில் வருகிறது. வழியில் திமிங்கிலமோ ஓங்கிலோ தென்பட்டால் படகை நிதானப்படுத்திக் காட்டுவார்கள். மிங்கி திமிங்கிலங்கள் கோடையில் இந்தக் கடலில் நடமாடுபவை. கடல் நடுவில் கொஞ்சம் நேரம் நின்றால் பரவாயில்லை என்கிறவர்களுக்கு அரிசேக் படகு. பெரிய பெட்டி, சைக்கிள், குழந்தை என்று வருகிறவர்களுக்குக் கால்மேக்.

கார் கொண்டுபோக முடியாது. தீவுவாசிகளுக்கும் அனுமதி பெற்ற வேலைகளுக்கும் மட்டுமே வண்டி ஏற்றுகிறார்கள். சுற்றுலா வருகிறவர்கள் மாலேக்கிலேயே நிறுத்திவிட்டு வர வேண்டும். இதைக் குறையாக நினைப்பவர்கள் உண்டு. எக் தீவுக்கு நடந்த பெரிய நன்மைகளில் இதுவும் ஒன்று. அந்த ஒற்றைச் சாலையில் நடக்கிற குழந்தையைக் கையில் பிடித்துக்கொண்டே போக வேண்டியதில்லை. துறையடியிலேயே சைக்கிள் வாடகைக்குக் கிடைக்கும். நடக்க முடியாதவர்களுக்கும் மூட்டைமுடிச்சோடு வருபவர்களுக்கும் தீவில் வாடகை வண்டி இருக்கிறது; தங்கும் வீட்டுக்காரரிடம் முன்கூட்டியே சொல்லி வைத்தால் துறைக்கு வந்து நிற்கும்.

இந்தத் துறைக்கே ஒரு கதை உண்டு. 2004 வரை பெரிய கப்பல் எக் கரையை ஒட்டி நிற்க முடியாது. கப்பல் சற்றுத் தொலைவில் நிற்கும். கரையிலிருந்து ஒரு சிறு படகு அலையில் ஆடிக்கொண்டே போய் அதன் பக்கத்தில் ஒட்டிக்கொள்ளும். ஆட்கள், மளிகை, தபால், ஆடு என்று எல்லாம் கைமாறி இறங்கும். காற்று பலமாக அடித்தால் அதுவும் இல்லை. இப்போது நீளமான கான்கிரீட் பாதை கடலுக்குள் இறங்குகிறது. லாக்நெவிஸ் தன் பின்புறத்தைத் திருப்பி வந்து, இரும்புப் பலகையை அந்தச் சரிவில் கடகடவென்று இறக்குகிறது. கடைச் சரக்கும் தபாலும் இறங்குகின்றன. திரும்பிப் போகிறவர்கள் முதுகுப்பையோடு ஓரமாகக் காத்திருக்கிறார்கள். தீவில் பாதிப் பேர் ஏதோ ஒரு வேலையாகத் துறையில் இருப்பார்கள். வந்து இறங்குகிறவர் வழியை விட்டு விலகி, இறக்கும் வேலை முடியும்வரை நிற்பது நல்லது. அந்தச் சரக்கில்தான் அந்த வாரத்துச் சாப்பாடு இருக்கிறது.

மாலேக்குக்குப் போய்ச் சேரும் வழியே ஒரு பயணம். கிளாஸ்கோவின் குயின் ஸ்ட்ரீட் நிலையத்திலிருந்து ரயிலில் ஐந்து மணி நேரத்துக்கு மேல் ஆகும். லண்டனிலிருந்து வருகிறவர்கள் யூஸ்டன் நிலையத்தில் இரவு ரயில் ஏறினால் காலையில் ஃபோர்ட் வில்லியமில் இறங்கலாம். சனிக்கிழமை இரவு மட்டும் அந்த ரயில் கிடையாது. அங்கிருந்து மாலேக் வரை உள்ள தடம் 1901-இல் திறக்கப்பட்டது. நடுவே கிளென்ஃபினன் பாலம், 21 வளைவுகள், முழுக்கக் கான்கிரீட். ஹாரி பாட்டர் படங்களில் ரயில் வளைந்து போகுமே, அதே பாலம். போகும்போது இடப்பக்க ஜன்னல் கிடைத்தால் ஷீல் ஏரி முழு நீளத்துக்கும் விரிவது தெரியும். கோடையில் இந்த ரயில்களில் இடம் பதிவு செய்துவிட வேண்டும், சைக்கிளுக்கும் சேர்த்து.

கிளாஸ்கோவில் காலை ரயில் ஏறி அன்றைக்கே படகைப் பிடித்துவிடலாம் என்று கணக்குப் போடுவது ஆபத்தான கணக்கு. ஒற்றைத் தண்டவாளம், ஓர் இடத்தில் தாமதமானால் கடைசிவரை தாமதம்தான், படகும் அதற்காகக் காத்திருக்காது. முந்தின இரவு மாலேக்கிலோ அரிசேக்கிலோ தங்கிவிட்டால் நிம்மதி. கூட்டுறவுக் கடை ஒன்று மாலேக்கில் இருக்கிறது. அரிசி, பருப்பு, மசாலா என்று தனியாக வேண்டியதை வரும் வழியில் கிளாஸ்கோவிலேயே வாங்கிவிடுவது உத்தமம். எக் தீவின் கடையில் அன்றாடம் வேண்டியது கிடைக்கும், அதுவும் படகு வந்த கையோடு போனால் நிறையக் கிடைக்கும். காற்றினால் இரண்டு படகு வராமல் போன வாரத்தில் ரொட்டி தீர்ந்துபோயிருக்கலாம். அதற்காக யாரையும் குறை சொல்ல முடியாது. பணம் எடுக்கும் இயந்திரம் தீவில் இல்லை. கைபேசித் தொடர்பு இடத்துக்கு இடம் மாறும். மருத்துவமனை இல்லை என்பதால் வழக்கமாகச் சாப்பிடும் மாத்திரைகளைப் போகிற நாட்களுக்கு மேலாக ஒரு வாரத்துக்குச் சேர்த்து எடுத்துப்போக வேண்டும்.

எந்த மாதம்? கேட்டவுடன் சொல்லக்கூடிய பதில், மே. ஸ்காட்லாந்தின் மேற்குக் கரையில் மழை குறைவாகவும் வெயில் கூடுதலாகவும் இருப்பது பெரும்பாலும் ஏப்ரல் கடைசியிலிருந்து ஜூன் தொடக்கம் வரை. ஜூலை, ஆகஸ்டில் கூட வெப்பம் 16, 17 டிகிரியை ஒட்டித்தான் இருக்கும். கூடவே மழையும் மிட்ஜும் சேர்ந்துகொள்ளும். மிட்ஜ் என்பது கண்ணுக்குச் சரியாகத் தெரியாத அளவு சிறிய கடிபூச்சி. காற்றில்லாத, ஈரமான மாலைகளில் ஆயிரக்கணக்கில் எழும். கொஞ்சம் காற்று அடித்தால் பறக்க முடியாமல் புல்லிலேயே கிடந்துவிடும். தலைக்குப் போடும் வலை ஒன்றைப் பையில் வைத்துக்கொண்டால் அந்த மாலையும் வெளியில் கழியும். உயரமான புல்லிலும் பெரணியிலும் நடந்து வந்தால் கால்களில் உண்ணி ஒட்டியிருக்கிறதா என்று அன்றைக்கே பார்த்துவிட வேண்டும். லைம் நோய் அதன் வழியாகத்தான் பரவுகிறது.

ஜூனில் வெளிச்சம் ஒரு விருந்து. இரவு பத்து மணிக்கு மேல்தான் சூரியன் மறைகிறது. அதற்குப் பிறகும் வடக்கு வானம் முழுவதும் இருண்டுவிடுவதில்லை. சாப்பிட்டுவிட்டு ஒரு நீண்ட நடை போய்த் திரும்ப நேரம் இருக்கிறது. ஒரு நாள் பயணிகள் இழப்பது முக்கியமாக இதைத்தான்: கடைசிப் படகு போன பிறகு ஐந்தாறு மணி நேரப் பகல்.

ஜூனில் இன்னொரு தேதியையும் பார்த்துக்கொள்ள வேண்டும். ஜூன் 12-ஐ ஒட்டிய வார இறுதியில் தீவு முழுவதும் விழா, இரவெல்லாம் இசையும் ஆட்டமும். வெளியூர்போன உறவுகள், பழைய நண்பர்கள் எல்லோரும் வந்துவிடுவார்கள். அமைதி வேண்டுகிறவர்கள் அந்த வாரத்தைத் தவிர்க்கலாம். ஆனால் அந்த விழா எதற்கு என்பதைத் தெரிந்துகொள்ளாமல் இந்தத் தீவுக்குப் போவது பாதிப் பயணம்தான்.

நூற்றாண்டுகளாக எக் ஒரு தனி ஆளின் சொத்து. தீவை விலைக்கு வாங்குகிறவர் தீவின் வீடுகளுக்கும் நிலத்துக்கும் சேர்த்தே சொந்தக்காரர் ஆகிவிடுவார், வாழ்கிறவர்கள் குத்தகைக்காரர்கள். 1853-இல் தெற்கே க்ரூலின் என்ற குடியிருப்பை ஆட்டுப் பண்ணைக்காக ஒட்டுமொத்தமாகக் காலி செய்தார்கள். 14 குடும்பங்கள் வெளியேறின, பெரும்பாலோர் கடல் கடந்து கனடாவின் நோவா ஸ்கோஷியாவுக்கு. 1975-இல் தீவை வாங்கிய கீத் ஷெல்லன்பர்க் இருபது ஆண்டுகள் வைத்திருந்துவிட்டு 1995-இல் மருமா என்ற பெயரில் அறியப்பட்ட ஜெர்மன் ஓவியருக்கு விற்றார். இரண்டு ஆண்டுக்குள் தீவு மறுபடி சந்தைக்கு வந்தது. உறுதியான குத்தகைப் பத்திரம் இல்லாமல், வீட்டைப் பழுதுபார்க்கவும் தயங்கிக்கொண்டிருந்த குடும்பங்கள் இந்த முறை தாங்களே வாங்குவது என்று இறங்கினார்கள். ஹைலேண்ட் கவுன்சிலும் ஸ்காட்டிஷ் வைல்ட்லைஃப் டிரஸ்டும் கைகோத்தன. நாடெங்கிலும் இருந்து ஆயிரக்கணக்கானோர் பணம் அனுப்பினார்கள். பெயர் சொல்ல விரும்பாத ஒரு பெண்மணி பெருந்தொகை கொடுத்தார். ஏறத்தாழ 15 லட்சம் பவுண்டுக்கு 1997 ஜூன் 12 அன்று தீவு அதன் மக்கள் பங்குபெறும் அறக்கட்டளையின் கைக்கு வந்தது. அப்போது அறுபதைக் கொஞ்சம் தாண்டியிருந்த மக்கள்தொகை இன்று நூற்றைத் தாண்டியிருக்கிறது. இளைஞர்கள் திரும்பி வந்து வீடு கட்டியிருக்கிறார்கள். ஸ்காட்லாந்தில் பிற்பாடு வந்த நிலச் சீர்திருத்தப் பேச்சுக்கெல்லாம் எக் ஒரு முன்னுதாரணம்.

தங்கும் வீட்டுக்குள் நுழைந்தவுடன் இந்த வரலாறு கைக்கு எட்டும் தூரத்தில் வந்து நிற்கும். மின்சாரம்தான் அது. பெருநிலத்திலிருந்து எக் தீவுக்கு மின்கம்பி கிடையாது. முன்பு ஒவ்வொரு வீட்டுக்கும் தனி டீசல் இயந்திரம். சத்தம், புகை, செலவு. 2008 பிப்ரவரி 1-இல் தீவுக்காரர்களே தங்களுக்கென்று ஒரு மின்வலையை இயக்கத் தொடங்கினார்கள். மூன்று ஓடைகளில் நீர்மின் நிலையம், அதில் பெரியது 100 கிலோவாட். ஸ்கூர் மலையடியில் நான்கு காற்றாலைகள், கூடவே சூரியத் தகடுகள். மிஞ்சுவதைச் சேமிக்க மின்கலங்கள், எல்லாம் கைவிட்டால் மட்டும் டீசல். தேவையில் பத்தில் ஒன்பது பங்கு நீர், காற்று, வெயில் மூன்றிலிருந்தே கிடைக்கிறது. பராமரிப்பதும் அங்கே குடியிருப்பவர்கள்தான்.

இதற்கு அவர்கள் போட்டுக்கொண்ட கட்டுப்பாடு எளிமையானது. எந்த வீடும் ஒரே நேரத்தில் 5 கிலோவாட்டுக்கு மேல் இழுக்கக் கூடாது. தொழில் நடத்துகிற இடங்களுக்கு 10. விருந்தினருக்குத் தனிச் சலுகை இல்லை. தண்ணீர் கொதிக்கவைக்கும் கெட்டில் ஒன்றே இரண்டு மூன்று கிலோவாட் கேட்கும். துணி துவைக்கும் இயந்திரம் ஓடும்போதே அடுப்பையும் கெட்டிலையும் போட்டால் வீட்டு மின்சாரம் நின்றுவிடும். பராமரிப்புக் குழுவிலிருந்து ஒருவர் வந்து சரிசெய்ய வேண்டியிருக்கும். அவரும் தன் ஆட்டுப் பட்டியை விட்டுவிட்டு வருகிறவராக இருக்கலாம். ஆக, துவைத்து முடியட்டும், பிறகு டீ போடலாம். இரண்டாம் நாளே இது பழக்கமாகிவிடுகிறது. மழையும் காற்றும் அதிகமாகி மின்சாரம் மிஞ்சும்போது அது தானாகவே சமூகக் கூடம், தேவாலயங்கள் போன்ற பொது இடங்களைச் சூடாக்கப் போய்விடுகிறது. மழை பெய்கிறதே என்று வருந்துகிற விருந்தினர் இதை நினைத்துக்கொள்ளலாம்: அந்த மழையில்தான் விளக்கு எரிகிறது.

தங்க இடங்கள் பலவகை. பொது அறைகள் கொண்ட விடுதியான க்ளீப் பார்ன், தனி வீடுகள், யுர்ட் கூடாரங்கள், மலைச்சரிவில் ஒற்றை மரக்குடில்கள். எதுவும் எண்ணிக்கையில் அதிகம் இல்லை என்பதால் மே, ஜூனுக்குப் பனிக்காலத்திலேயே இடம் சொல்லிவிட வேண்டும். கூடாரம் போட்டுத் தங்கவும் முடியும். 2003-ஆம் ஆண்டு நிலச் சீர்திருத்தச் சட்டப்படி ஸ்காட்லாந்தில் வீடுகளையும் பயிரையும் விட்டு விலகி, தடம் தெரியாமல், ஓரிரு இரவு கூடாரம் போட யாருக்கும் உரிமை உண்டு. கையில் கொண்டுபோன குப்பையைத் திரும்பக் கொண்டுவருவதும் அந்த உரிமையோடு சேர்ந்த கடமை. தீவின் குப்பையும் படகில்தான் வெளியேற வேண்டும்.

இறங்கும் இடத்தைப் பொறுத்துத் தங்கும் இடத்தைத் தேர்ந்தெடுப்பார்கள். துறைக்கு அருகே கால்மிஸ்டேல் பகுதி வசதி. ஆனால் முடிந்தால் மறு பக்கத்தில், கிளேடேலில் தங்குவது மேல். சாலை மேட்டில் ஏறி இறங்கினால் சுமார் ஐந்து கிலோமீட்டரில் அந்தப் பக்கம் வந்துவிடும். செங்குத்தான பாறைச் சுவருக்கும் கடலுக்கும் நடுவே பசுமையான சிறு வயல்கள், அங்கங்கே வீடுகள். எதிரே கடலுக்கு அப்பால் ரம் தீவின் மலைகள். அவற்றில் உயரமான அஸ்கிவல் 812 மீட்டர். மாலை வெயில் அந்த மலைகளுக்குப் பின்னால் இறங்குவதை வீட்டு வாசலிலிருந்தே பார்க்கலாம்.

கிளேடேலின் கீழே லேய்க் விரிகுடா. வெண்மணலும் கரிய பாறைத்தூளும் அலையில் கலந்து, பின்வாங்கும் நீர் போன வழியெல்லாம் கறுப்பு வெள்ளைக் கோடுகளாக விரிந்து கிடக்கும். வடக்கே இன்னும் அரைமணி நேரம் நடந்தால் பாடும் மணல் கடற்கரை. இங்கே மணல் படிகக்கல் துகள். ஈரம் உலர்ந்திருக்கும்போது காலை இழுத்து இழுத்து நடந்தால் கிரீச் கிரீச் என்று கீழிருந்து சத்தம் எழுகிறது. வேகமாகத் தேய்த்தால் சத்தம் கூடும், ஈரமாக இருந்தால் ஒன்றுமே கேட்காது. மழை பெய்த மறுநாள் போய்விட்டு ஏமாந்தவர்கள் அநேகம். மூன்று இரவு தங்குகிறவர் உலர்ந்த நாளுக்குக் காத்திருக்கலாம்.

இந்த வடக்குக் கரைக்கு 1844-இல் ஒருவர் படகில் வந்தார். கல் கொத்தனாராகத் தொடங்கிப் புவியியலாளராகவும் பத்திரிகை ஆசிரியராகவும் உயர்ந்த ஹியூ மில்லர். அவர் வந்த 'பெட்ஸி' அவருடைய நண்பரான பாதிரியாரின் மிதக்கும் வீடு. 1843-இல் ஸ்காட்லாந்துத் திருச்சபை பிளந்தபோது பிரிந்து வந்த அந்தப் பாதிரியாருக்கு நிலக்கிழார் தீவில் தங்க இடம் கொடுக்கவில்லை. அவர் படகிலேயே குடியிருந்துகொண்டு தன் சபையாரிடம் வந்துபோனார். நிலம் யார் கையில் என்ற கேள்வி இந்தத் தீவில் கரையோரக் கற்களைத் தேடுகிறவர் கதையிலும் வந்து கலந்துவிடுகிறது. மில்லர் இங்கே பிளிசியோசார் என்ற கடல் ஊர்வனவற்றின் எலும்புகளைக் கண்டெடுத்தார். பல தலைமுறைக்குப் பின் எல்சா பான்சிரோலி என்ற தொல்லுயிரியலாளர் இதே கரையில் ஒரு டைனோசரின் கால் எலும்பைக் கண்டார். ஸ்டெகோசார் இனமாக இருக்கலாம் என்று 2020-இல் அறிவிக்கப்பட்டது. வயது ஏறத்தாழ 16.6 கோடி ஆண்டுகள். இப்படி ஏதாவது கண்ணில் பட்டால் படம் எடுத்துக்கொண்டு அங்கேயே விட்டுவிட வேண்டும்.

மலைக்கு ஒதுக்கிய நாளில் ஸ்கூர். 393 மீட்டர்தான் உயரம், ஆனால் துறையிலிருந்து நிமிர்ந்து பார்த்தால் நேர்ச் சுவராக நிற்கும். அதில் எப்படி ஏறுவது என்று தயக்கம் வருவது இயல்பு. பாதை அந்தச் சுவரில் ஏறுவதில்லை. வடபக்கமாக அடிவாரத்தை ஒட்டிச் சுற்றிப் போய், பின்னாலிருந்து முகட்டில் ஏறுகிறது. துறையிலிருந்து போய்த் திரும்ப நான்கு மணி நேரம் வைத்துக்கொள்ளலாம். நடுவில் சதுப்பு நிறைய. சாதாரணக் காலணி போட்டுப் போனால் நனைந்துவிடும். மலை முழுவதும் பிட்ச்ஸ்டோன் என்ற கரிய எரிமலைக் கண்ணாடிக் கல். சுமார் 5.8 கோடி ஆண்டுகளுக்கு முன் ஓர் ஆற்றுப் பள்ளத்தில் எரிமலைப் பொருள் நிரம்பி இறுகியது. சுற்றியிருந்த மென்மையான பாறை கரைந்துபோக, பள்ளத்தை நிரப்பியது மட்டும் முகடாக நின்றுவிட்டது. ஆறு ஓடிய தாழ்விடம் இன்று தீவின் உச்சி. மேலே நின்றால் நான்கு பக்கமும் கடல், தெற்கே தட்டையான மக், வடக்கே ஸ்கை. பொன்னிறக் கழுகு இந்தப் பகுதியில் பறப்பதைப் பலரும் பார்க்கிறார்கள். காற்று பலமான நாளில் முகட்டில் ஏறாமலிருப்பது நல்லது.

நேரம் இருந்தால் ஸ்கூரின் தெற்கு அடிவாரத்தில் க்ரூலின் வரை நடந்துவிட வேண்டும். கூரையில்லாத கல்வீடுகள் வரிசையாக நிற்கின்றன. வாசல் நிலை, அடுப்பிருந்த இடம், ஆளுயரம் இல்லாத சுவர். ஆடுகள் இப்போதும் உள்ளே புகுந்து மேய்கின்றன. 1853-இல் யார் யாருக்காக வெளியேறினார்கள் என்பதை இதைவிடத் தெளிவாக எந்தப் பலகையும் சொல்லாது.

தென்கிழக்குக் கரையில் இரண்டு குகைகள். ஒன்று கத்தீட்ரல் குகை. கத்தோலிக்க வழிபாடு தடைபட்டிருந்த காலத்தில் இங்கே ரகசியமாகப் பூசை நடந்தது. கடல் வற்றும்போது மட்டுமே போய் வர முடியும் என்பதால் அன்றைய ஓத நேரம் தெரியாமல் போகவே கூடாது. மற்றது படுகொலைக் குகை. 1577-இல் ஸ்கையிலிருந்து வந்த மக்லவுட் குலத்தார் பழிதீர்க்க, இங்கே ஒளிந்திருந்த மக்டொனால்ட் குலத்தார் 395 பேர் வாயிலில் மூட்டிய தீயின் புகையில் மூச்சடைத்து இறந்தார்கள் என்பது மரபாகச் சொல்லப்படும் வரலாறு. ஏறக்குறைய தீவு முழுவதும். 1814-இல் வந்த வால்டர் ஸ்காட் அங்கே எலும்புகள் கிடந்ததைப் பார்த்தார், ஒரு மண்டையோட்டை எடுத்தும் போனார். அதை இன்றைக்கு யாராலும் ஏற்க முடியாது. வாயில் குனிந்து போகும் அளவுக்கே இருக்கிறது. மேலிருந்து கல் விழும் ஆபத்தும் உண்டு. வெளியே நின்று திரும்பிவிடுவதே போதும். அது ஒரு கல்லறை.

இதெல்லாம் பார்க்க மூன்று நாளும் நிறைந்துவிடும். மழை கொட்டுகிற நாளுக்குத் துறையடி உணவகமும் தீவின் கைவினைக் கடையும் இருக்கின்றன. கில்டோனனில் பாழடைந்த தேவாலயம் ஒன்று, கி.பி. 617-இல் 52 துறவிகளோடு கொல்லப்பட்டதாகச் சொல்லப்படும் புனித டொனன் பெயரால் நிற்கிறது. தூறலிலும் போய் வரக்கூடிய தூரம்தான்.

திரும்பும் படகைப் பற்றி ஒன்று. தென்மேற்குக் காற்று பலமானால் சேவை நின்றுபோகும். கால்மேக் தன் இணையதளத்தில் முன்தினமே எச்சரிக்கை போடும், காலையில் மறுபடி பார்த்துக்கொள்ள வேண்டும். எக் படகில் ஏறும் அன்றைக்கே கிளாஸ்கோவில் விமானம் பிடிக்கத் திட்டமிடுபவர்கள் கடைசி நாள் முழுவதும் வானிலையைப் பார்த்துக் கவலைப்பட்டே கழிப்பார்கள். நடுவே ஓர் இரவைப் பெருநிலத்தில் சும்மா விட்டுவைக்க வேண்டும். படகு நேரத்துக்கு வந்துவிட்டால் அந்த நாளும் வீணில்லை. மாலேக்கிலிருந்து ரயிலில் சில நிமிடத்தில் மோரார். அங்கிருக்கும் ஏரி 310 மீட்டர் ஆழம். பிரிட்டனின் ஏரிகளில் இதைவிட ஆழமானது இல்லை. இன்னும் கொஞ்சம் தெற்கே காமஸ்டாரக் கடற்கரை, 1983-இல் வந்த 'லோக்கல் ஹீரோ' படத்தின் கடற்கரைக் காட்சிகள் எடுத்த இடம். அந்த வெள்ளை மணலிலிருந்து மேற்கே பார்த்தால் ஸ்கூரின் முகடு தெரியும். அடுத்த முறைக்கு ரம் தீவா, மக் தீவா என்று அங்கேயே உட்கார்ந்து அட்டவணையைப் பிரித்துப் பேசலாம்; இரண்டுக்கும் அதே லாக்நெவிஸ்தான்.